நாலு கட்டம்

முதல் முறை போனபோது
உப்பளத்தில் நோயாளியே இல்லை.
பங்குனி வெயில், காலை ஏழரை,
பாத்தியில் பலகை இழுத்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
கையை நீட்டச் சொன்னோம், ரத்தம் எடுத்தோம்,
குளிர்பெட்டியில் அடுக்கி ராமநாதபுரம் கொண்டுபோனோம்.
கிரியேட்டினின் எல்லாருக்கும் நல்லபடி.
கீழக்கரைக் கடைத்தெருவில்
நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணக்கர்களின்
சிறுநீரகம்தான் மோசம் என்றது தாள்.

ஒரு நாளின் படம் அது.
நிற்க முடிந்தவர்கள் மட்டுமே அதில் விழுந்திருந்தார்கள்.
"மேலுக்கு முடியாதவுகதான்
வீட்டுல கெடக்காகள்ல" என்றாள் நம்புத்தாய்,
என்னிடம் அல்ல,
பாத்தியிடம் சொல்வதுபோல.

பிறகு பின்பக்கமாக நடந்தோம்,
நோயிலிருந்து தொடங்கி.
டயாலிசிஸ் பதிவேட்டில் நாற்பத்தெட்டுப் பெயர்.
ஒவ்வொரு பெயருக்கும் அதே வயதில்
நோயில்லாத இரண்டு பேர்.
எல்லாரிடமும் ஒரே கேள்வி:
பத்து வருசத்துக்கு முன்னால்
தாகத்துக்கு எந்தத் தண்ணீர்?

சந்தியாகு, ஊசி ஏறி ஏறி முண்டு கட்டிய கையைத்
தடவிக்கொண்டே சொன்னார்:
அளத்து ஊற்றின் ஆழம், வாளியின் நிறம்,
அதைத் தோண்டிய ஐப்பசியில் விழுந்த பனைகள் எத்தனை.
எதிர்வீட்டுச் செய்யது நைனாவுக்கு ஒன்றுமில்லை.
"தண்ணின்னா தண்ணி. யாரு கணக்கு வச்சா?"
நலம் எதையும் குறித்துவைப்பதில்லை.
இந்தக் கோணலையும் ஏட்டின் ஓரத்தில் எழுதினேன்.

அன்றிரவு வாலிநோக்கம் பள்ளிக்கூட வராந்தாவில்
கொசுவர்த்திப் புகைக்குள் நாலு கட்டம் போட்டேன்.
ஊற்றில் குடித்து நோயுற்றோர் முப்பத்தாறு.
குடிக்காமல் நோயுற்றோர் பன்னிரண்டு.
நோயில்லாதவர்களில் குடித்தவர் நாற்பத்தெட்டு,
குடிக்காதவரும் நாற்பத்தெட்டு.
குறுக்கே பெருக்கி, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால்
மூன்று.
இரண்டு பக்கமும் வேலிக்கால்:
ஒன்று புள்ளி நாலு, ஆறு புள்ளி ஐந்து.
இப்படி நூறு வேலி போட்டால்
ஏறக்குறைய ஐந்தில்
உண்மை வெளியே நின்று மேயும்.
என் வேலி எதில் சேர்த்தி என்று
எனக்குத் தெரியாது.

தூங்கியிருக்கலாம்.
ஆனால் ஊற்றில் குடித்தவர்தான் வெயிலில் நின்றவர்,
முழங்கால் வலிக்குப் பெட்டிக்கடை மாத்திரை தின்றவரும் அவரே.
வெயிலைக் கழித்தேன், மாத்திரையைக் கழித்தேன்.
மூன்று, இரண்டே காலாகச் சுருங்கியது.
வேலியின் இடது கால்
ஒன்றைத் தொட மயிரிழை பாக்கி.

முடிவைச் சொல்ல அளத்துக்கே போனேன்.
"ரெண்டே கால்னா? எதுல ரெண்டே கால்?"
நம்புத்தாய் பலகையை நிறுத்தவில்லை.
ஆயிரத்தில் எத்தனை பேருக்கு வரும் என்பதை
இந்த நாலு கட்டம் சொல்லாது என்றேன்.
"அப்ப எனக்கு வருமா?"
இது தனியாளுக்கு இல்லை, கூட்டத்துக்கு.
"கூட்டமா யாரும் போகலையேம்மா.
ஒத்தையாத்தான் பஸ் ஏறுறாக."

ஆகவே இந்த முறை முன்பக்கமாக நடக்கிறோம்.
இன்று நலமாக இருக்கும் அறுநூறு பேர்,
பத்து ஆண்டு, ஆண்டுக்கொரு ரத்தம்.
அளத்தை விட்டுப் போனாலும்
பெயர் ஏட்டை விட்டுப் போகாது.
ஆயிரத்தில் எத்தனை என்று அப்போது சொல்லலாம்.
அதுவரை ஊற்றைத் திறந்துவைத்து
எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?
மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை.
ஊற்றின் மேல் ஓலைத் தட்டி போட்டுக் கட்டியது யார் என்று
நான் கேட்கவில்லை.

பதிவு எண் ஒன்று, நம்புத்தாய், வயது நாற்பத்தொன்று.
குடிநீர்: அளத்து ஊற்று.
எத்தனை காலமாக என்று கேட்டேன்.
காலடியில் இருந்த பச்சைக் குடத்தைக் காட்டினாள்,
வீட்டிலிருந்து மூன்று மைல் சுமந்தது.
கட்டத்தில் எழுதினேன்:
பத்தொன்பது வருடம்,
நேற்று வரை.